மூன்று எண்களில் ஒரு எல்.இ.டி.

அன்புள்ள நண்பா,

உன் பொங்கல் கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். முழங்கால் வலியும் நலமாகவே இருக்கிறது.

சென்ற வாரம் ஆய்வகத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலாண்டு மாணவி ஒருத்தி 5 வோல்ட், 220 ஓம் ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி. என்ற எளிய சுற்றை என்ஜிஸ்பைஸில் ஓட்டினாள்; மின்சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் வகை மென்பொருள் அது. 19 மில்லி ஆம்பியர் வந்தது. அதையே பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) செருகி அளந்தால் 13-க்கும் 14-க்கும் இடையில் நிற்கிறது. “மீட்டர் கெட்டுப்போச்சு சார்” என்று அவள் சொல்ல, நானும் அதை நம்பி மீட்டரின் பேட்டரியை மாற்றினேன். நம் ‘ஓம்’ வாத்தியார் பார்த்திருந்தால் என்னை வராந்தாவில் நிறுத்தியிருப்பார்.

பிறகுதான் அவள் எழுதிய மாடல் வரியை, அதாவது ஒரு பாகம் எப்படி நடந்துகொள்ளும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் வரியை, திறந்து பார்த்தேன். ‘டையோடு’ என்பதைக் குறிக்கும் ஒற்றை எழுத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை. நாம் எண் எதுவும் தராவிட்டால், தெவிட்டு மின்னோட்டத்தை (டையோடை எதிர்த்திசையில் இணைத்தால் கசியும் மிகச் சிறு மின்னோட்டம்) 10⁻¹⁴ ஆம்பியர் என்று ஸ்பைஸ் தானாகவே எடுத்துக்கொண்டு, 0.7 வோல்ட் அளவில் கடத்தும் ஒரு சிலிக்கான் டையோடை எல்.இ.டி.யின் இடத்தில் உட்கார வைத்துவிடுகிறது. அந்த மின்னோட்டத்தை 5×10⁻¹⁹ என்றும், மின்னழுத்தம் கூடக் கூட மின்னோட்டம் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைக் காட்டும் ‘என்’ என்ற காரணியை 2 என்றும், உள்மின்தடையை 3 ஓம் என்றும் எழுதினேன், எல்.இ.டி. 2 வோல்ட்டுக்கு வந்தது, மின்னோட்டம் 13.6-இல் நின்றது. மூன்றே எண்கள்தான்! அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பு. ஸ்பைஸ் 1973-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்து உலகெங்கும் தாராளமாகப் பரவியது. இன்று சுற்றுப்படம் வரையும் கிகேடு மென்பொருளுக்குள் என்ஜிஸ்பைஸ் இருக்கிறது, இரண்டையும் இணைத்து, திறந்த மென்பொருளைப் பரப்பும் மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டத்தார் ஈசிம் என்ற தொகுப்பைத் தருகிறார்கள். மென்பொருளுக்குக் குறைவில்லை, புதிதாக வரும் பிள்ளை தடுக்கி விழுவது மாடலில்தான். தயாரிப்பாளர் தரும் மாடலில் டிரான்சிஸ்டர் ஒன்றுக்கே நாற்பது எண்கள்வரை இருக்கலாம். சில கோப்புகள் பூட்டப்பட்டவை, சிலவற்றை நாம் பிறருக்குப் பகிர உரிமமே இல்லை. கிகேடின் படத்தில் டையோடின் முதல் முனை கேத்தோடு (எதிர்முனை), ஸ்பைஸுக்கோ முதல் முனை ஆனோடு (நேர்முனை); முனைகளைச் சரியாகப் பொருத்தாவிட்டால் டையோடு தலைகீழாகிவிடும். மெகா ஓம் என்று நினைத்து வெறும் ‘எம்’ போட்டால் ஸ்பைஸ் அதை மில்லி என்றே படிக்கும். ஒரு விநாடி தாமதம் தர வேண்டிய ஆர்-சி சுற்று (ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும்) ஒரு நானோ விநாடியில் முடிந்துபோனதை வைத்துக்கொண்டு ஒரு பையன் அரைநாள் தவித்தான்.

ஆகவே நானே ஒரு சிறு மாடல் நூலகம் எழுதத் தொடங்கியிருக்கிறேன்: நான்கு நிற எல்.இ.டி.க்கள், 1என்4148, 1என்4007 என்ற இரு டையோடுகள், மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ஒரு ஜீனர் டையோடு, பிசி547 டிரான்சிஸ்டர், சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கும் ஓர் எளிய ஆப்-ஆம்ப். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எதைக் குறிக்கிறது என்று தமிழில் ஒரு குறிப்பு. கோப்பின் தொடக்கத்தில், அந்த மாடல் எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் ஆப்-ஆம்ப் வெறும் பெருக்கி. 9 வோல்ட் சப்ளை கொடுத்தாலும் கூசாமல் 900 வோல்ட் வெளியிடும். எதுவும் கருகாது, புகையும் வராது. விடுதி அறையில் நீ வெடிக்க வைத்த அந்தக் கெப்பாசிட்டரின் நாற்றத்தை எந்த மாடலாலும் தர முடியாது என்பதில் எனக்கு வருத்தமே.

இந்த எண்களைப் பிறர் கோப்பிலிருந்து எடுக்காமல் அளந்தே போட விரும்புகிறேன். உன் பட்டறையில் நல்ல பவர் சப்ளை இருக்கிறது. நீலம், பச்சை, மஞ்சள் எல்.இ.டி.க்களில் நிறத்துக்குப் பத்து எடுத்து 1, 5, 10, 20 மில்லி ஆம்பியரில் மின்னழுத்தம் அளந்து அனுப்பு. அறை வெப்பத்தையும் குறித்துவிடு. நாம் மாற்றாவிட்டால் ஸ்பைஸ் 27 டிகிரி என்றே கணக்கிடும், உன் தகரக் கூரைக்கு அது பொருந்தாது.

சிவப்பை நான் அளந்துவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு நண்பன்