விஷ வண்டு இல்லை சார், கதண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன வாரம் மாவட்டச் செய்திகள் பக்கத்தில், விஷ வண்டு கடித்து நான்கு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாக ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். பனைமரத்தில் கூடு, களையெடுக்கப் போன பெண்கள், ராத்திரி தீயணைப்பு வண்டி வந்து கூட்டைக் கொளுத்தியது என்று எங்கள் டெல்டாப் பக்கம் அடிக்கடி படிக்கிற அதே செய்திதான். ஆனால் பக்கத்தில் ஒரு படம் போட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. குண்டாக, கன்னங்கரேலென்று, சிறகில் நீலம் மினுங்க ஒரு பூச்சி. அது தச்சுத் தேனீ. காய்ந்த மூங்கிலையும் உத்தரத்தையும் துளைத்துக் குடியிருக்கும், முருங்கைப் பூவுக்கும் ஆவாரம் பூவுக்கும் வந்து போகும், நாமாகக் கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய யார் வம்புக்கும் வராது. அந்த நாலு பேரையும் கொட்டியது (கடித்தது இல்லை, கொட்டியது) கதண்டு. கருத்த உடம்பு, வயிற்றில் ஒரே ஒரு அகலமான மஞ்சள் பட்டை, தூரத்தில் பறக்கும்போது அந்தப் பட்டை மட்டும்தான் தெரியும். எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்புப் பையன் கூட கதண்டு என்று சொல்லிவிட்டு ஓடுவான். அந்தப் பெயரை எடுத்துவிட்டு விஷ வண்டு என்று எழுத உங்கள் நிருபருக்கு எப்படித் தோன்றியதோ.

நான் படித்தது விலங்கியல், பிழைப்பு தேனீப் பெட்டி. இருபது பெட்டி வைத்திருக்கிறேன், கதண்டு வந்து பெட்டி வாசலில் நின்று என் தேனீக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறவன். அதனால் கதண்டுக்கு வக்காலத்து வாங்கத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

வண்டு என்றால் முன்சிறகு இரண்டும் ஓடு மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். கதண்டு, குளவி, தேனீ, எறும்பு எல்லாம் வேறு வரிசை. அதற்கு ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1758-இல் ஹைமெனாப்டெரா என்று பெயர் வைத்தார், சவ்வுச் சிறகு என்று அர்த்தம். இதுவரை பெயர் வைத்ததே ஒன்றரை லட்சம் இனத்துக்கு மேல். இதில் முட்டையிடும் குழாய் ரம்பம் மாதிரி இருக்கிற ரம்ப ஈ வகைகளுக்கு இடுப்பு இல்லை, மார்பும் வயிறும் ஒரே தடியாக ஒட்டியிருக்கும். மற்றவற்றுக்கு அந்தக் குறுகிய இடுப்பு உண்டு. அதிலும் ஒரு கிளையில் முட்டையிடும் குழாயே கொடுக்காக மாறிவிட்டது, அதனால்தான் கொட்டுவது எப்போதும் பெண் பூச்சி. எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருப்பது என்னவென்றால், எறும்பும் தேனீயும் குளவிக்குப் பங்காளிகள் கூட இல்லை, குளவிக் குடும்பத்துக்குள்ளேயே பிறந்தவை. இறைச்சி தின்றுகொண்டிருந்த ஒரு குளவி வம்சம் மகரந்தத்துக்கு மாறிச் சைவமானது, அதுதான் தேனீ. சிறகு இல்லாமல் தரையில் வேலை செய்யக் கிளம்பிய இன்னொரு வம்சம் எறும்பு. மரபணுவை வைத்துப் பார்த்ததில் எறும்புக்கு நெருங்கிய சொந்தம் கதண்டு இல்லை, தேனீயும் மண்கூடு கட்டும் குளவியும் இருக்கிற கூட்டம்தான் என்று இப்போது சொல்கிறார்கள். நான் கல்லூரியில் படித்தபோது மரம் வேறு மாதிரி வரைந்திருந்தார்கள்.

சரி, தேனீ மட்டும் ஈயா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஈக்கு இரண்டு சிறகு, தேனீக்கு நாலு. ரம்ப ஈயும் ஈ இல்லை. சங்கப் பாட்டில் பூவில் மொய்க்கிற வண்டும் தும்பியும் சுரும்பும் ஞிமிறும் பெரும்பாலும் தேனீ வகைதான், இன்றைக்குத் தும்பி என்றால் தட்டான். ஆகவே பெயருக்குள் இருக்கிற சொல் சரியா தப்பா என்று நான் சண்டை போடவில்லை. தேனீ என்றால் கேட்கிறவர் எல்லோருக்கும் ஒரே பூச்சிதான் நினைவுக்கு வரும். விஷ வண்டு என்றால் யாருக்கு எதைக் கண்டு பயமோ அது.

அறிவியல் பெயரிலும் கதை இதுதான். இத்தாலியத் தேனீ என்று நாம் பெட்டியில் வளர்ப்பதற்கு லின்னேயஸ் வைத்த பெயர் ஏபிஸ் மெலிஃபெரா, தேன் சுமப்பது. அப்புறம்தான் யோசித்திருக்கிறார், அது தேனைச் சுமக்கவில்லையே, பூவிலிருந்து மதுவைத்தானே கொண்டுவருகிறது, தேன் ஆவது கூட்டுக்குள் அல்லவா என்று. 1761-இல் மெலிஃபிகா, அதாவது தேன் செய்வது என்று மாற்றிப் பார்த்தார். செல்லவில்லை. முதலில் வைத்த பெயரே நிற்கும் என்பது விதி, வைத்தவரே வந்து திருத்தினாலும் கிடையாது. ஹோமியோபதிக் கடைக் குப்பியில் மட்டும் இன்னும் ஏபிஸ் மெலிஃபிகா என்றே ஒட்டியிருக்கும். கதண்டு வகையான வெஸ்பா டிராபிகாவையும் அவர் முதலில் ஸ்பெக்ஸ் என்ற வேறு பேரினத்தில்தான் வைத்தார். பின்னால் வந்தவர்கள் வெஸ்பாவுக்கு மாற்றினார்கள், ஆனால் டிராபிகா அப்படியே இருக்கிறது, குடித்தனம் மாறினாலும் ஆள் பெயர் மாறாத மாதிரி. இடம் மாறியது தெரியவேண்டும் என்பதற்காகப் பெயர் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். நம் முசுறு எறும்புக்கு லின்னேயஸின் மாணவர் ஃபாப்ரீசியஸ் 1775-இல் வைத்த பெயரில் ஸ்மராக்டினா என்று வரும், மரகதப் பச்சை. சிவப்பாக இருக்கிற முசுறுக்கு ஏன் பச்சை என்று பல வருஷம் குழம்பியிருக்கிறேன், மாமரத்து இலைக்கூடு ஒன்றைப் பிரித்து ராணியைப் பார்த்த அன்றுதான் விளங்கியது. ராணி பச்சை. (அன்று வாங்கிய கடியில் முழங்கை வரை வீங்கியது தனிக் கதை.) அந்த ஃபாப்ரீசியஸுக்கு நம் தரங்கம்பாடியிலிருந்தே பூச்சிகள் போயிருக்கின்றன, டேனிஷ்காரர்கள் காலத்தில் அங்கே மருத்துவராக இருந்த கோனிக் பிடித்து அனுப்பியவை.

உங்கள் செய்தி வந்த மூன்றாம் நாள் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டு வாசலில் மருதாணிச் செடி, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு அடை, கிளையைச் சுற்றிக் கட்டியிருந்தது. கொம்புத்தேனீ. கொசுவை விடக் கொஞ்சம் பெரிசு, வயிற்றின் ஆரம்பத்தில் செம்பு நிறம், தொந்தரவு செய்தால் அடை மேல் எல்லாம் சேர்ந்து அலை மாதிரி சிலிர்க்கும், அவ்வளவுதான். பேப்பரில் போட்டிருந்த விஷ வண்டு இதுதான் என்று ஒருவர் சொல்ல, துணியில் மண்ணெண்ணெய் நனைத்துக் கொளுத்திவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அடை உருகி மருதாணி அடியில் சொட்டிக் கிடந்தது, அந்த வீட்டுப் பாட்டி மட்டும் "தேன் வாசனை அடிக்குதேடா" என்றார்.

ஓசூர் பக்கம் முள்ளங்கி போட்டிருக்கும் என் மச்சானுக்கு வேறு அனுபவம். இலையெல்லாம் ஓட்டை, கரும்பச்சைப் புழு. பச்சைப்புழுதான் என்று கடையில் சொல்ல, பி.டி. என்கிற பாக்டீரியாத் தூள் வாங்கி இரண்டு தரம் அடித்திருக்கிறார், ஒன்றும் சாகவில்லை. வீடியோ காலில் புழுவைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். அந்துப்பூச்சியின் புழுவுக்கு வயிற்றுப் பக்கம் அதிகபட்சம் ஐந்து ஜோடி பொய்க்கால், இதற்கு எட்டு. தொட்டதும் சுருண்டு கீழே விழுந்தது. ரம்ப ஈயின் புழு. அந்தத் தூள் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கானது, குளவிச் சொந்தக்காரனை அது என்ன செய்யும்? காலையில் வெயில் ஏறும் முன் செடியைத் தட்டிப் பொறுக்கச் சொன்னேன், அதில்தான் குறைந்தது.

எந்தப் பூச்சி என்று சரியாகத் தெரிந்தால் மருத்துவமனையிலும் உதவும். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், உடனே எடுக்க வேண்டும். கதண்டு கொடுக்கை விட்டுப் போகாது, ஒன்றே பல முறை கொட்டும். நிறையக் கொட்டு வாங்கினவருக்குச் சிறுநீரகம் பாதிக்கலாம் என்பதால் வலி குறைந்ததும் வீட்டுக்கு ஓடிவரக் கூடாது. இந்த இரண்டு வரியை அந்தச் செய்தியின் அடியில் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த தடவை கதண்டு என்றே போடுங்கள். வேறு மாவட்டத்து வாசகருக்குப் புரியாது என்றால் பெரிய குளவி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன பூச்சி என்று நிச்சயமில்லாவிட்டால் படமே வேண்டாம். படம் வேண்டும் என்றால் எங்கள் மாட்டுக்கொட்டகை விட்டத்தில் போன வருஷத்துக் கதண்டுக் கூடு ஒன்று காலியாகத் தொங்குகிறது, கீழே செத்து விழுந்த இரண்டை மூடி போட்ட பாட்டிலில் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் நிருபர் வந்து எடுத்துக்கொள்ளட்டும், மாடு முட்டாது.

இப்படிக்கு,
டெல்டா வாசகர் ஒருவர்