பொன்னாடைக்கு அஞ்சு பத்தி, பாட்டுக்கு ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை ராத்திரி நாகர்கோவில்ல நடந்த பாட்டு நிகழ்ச்சி பத்தி உங்க மாவட்டப் பக்கத்துல வந்த செய்திய வாசிச்சேன். குத்துவிளக்கு யாரு ஏத்துனா, தலைமை யாரு, முன்னிலை யாரு, பொன்னாடை யாரு யாருக்கு, எல்லாம் இனிஷியல் கூட தப்பாம அஞ்சு பத்திக்கு இருக்கு. போட்டோல ஒரு வரிசையே நிக்காவ, ஒருத்தர் கையில கூட கிட்டார் இல்ல. பாடுன பிள்ளைகளுக்கு கெடச்சது கடைசில "தொடர்ந்து கலை நிகழ்ச்சிகள் நடைபெற்றன"ன்னு ஒரே வரி. அந்த நிகழ்ச்சிய வச்சதே அந்த பிள்ளைகளுக்காகத் தான் சார்!

அது லைட் மியூசிக் கச்சேரி இல்ல. தானே பாட்டு எழுதி, தானே மெட்டு போட்டு, தானே கிட்டார வச்சு பாடுத பிள்ளைய. ஃபோக், ஆல்ட் கன்ட்ரின்னு சொல்லுவாவல்லா, அந்த வகை. கன்ட்ரின்னா அமெரிக்காவுல கிராமத்து சனத்துகிட்ட இருந்து வந்த பாட்டு, அதுக்கு தலைநகர் மாதிரி நாஷ்வில் நகரம். அந்த நாஷ்வில் ரேடியோல வந்த பளபளப்பான கன்ட்ரி பாட்டு மேல சலிப்பு வந்து, 80கள் கடைசியில 90கள் தொடக்கத்துல அங்கிள் டுப்பெலோ மாதிரி சின்ன ஊர் பேண்டுகாரங்க பழைய நாட்டுப்புற மெட்டையும் பங்க் ராக்குங்குற முரட்டு கிட்டார் சத்தத்தையும் ஒண்ணா சேத்து ஃபேக்டரி வேல, குடி, தங்க ஊரு அலுப்புன்னு பாட ஆரம்பிச்சாங்க, அதுல இருந்து வந்த பேரு தான் ஆல்ட் கன்ட்ரி. நம்ம பிள்ளைய அந்த மெட்டு தான் எடுத்திருக்கு, விஷயம் முழுக்க நம்ம ஊரு.

தூத்தூர் பக்கத்து பையன் ஒருத்தன் 2017 நவம்பர் 30-ல நம்ம மாவட்டத்த அடிச்ச ஒக்கி புயல் பத்தி பாடுனான். ஆனா காத்து, அலை, பிணம் எதுவும் பாட்டுல கெடயாது. கரண்டு கம்பமெல்லாம் சாஞ்சு கெடக்கு, ஒரு அம்மா செல்போன கையில வச்சுக்கிட்டு சார்ஜ் போட எடம் தேடி தெருத் தெருவா நடக்கா, ஏன்னா கடலுக்கு போன மவன் கூப்பிட்டா போன் ஆஃப்ல இருக்கக் கூடாதுல்லா. அவ்ளோ தான் பாட்டு. எனக்கு பக்கத்துல இருந்த அக்கா முந்தானைய வாயில வச்சுக்கிட்டாவ. இத ஒரு வரி எழுதியிருக்கலாமே உங்க நிருபர்?

குலசேகரத்துல இருந்து வந்த பொண்ணு ரப்பர் பால்வெட்டு பத்தி பாடுனா. இருட்டோட தலையில லைட்ட மாட்டிட்டு போறது, மழை பெஞ்சா வெட்டும் கெடயாது கூலியும் கெடயாது, ஆனா ஊர்ல எல்லாரும் மழை வந்ததுக்கு சந்தோசப்படுதாவ, இவ அப்பா மட்டும் திண்ணையில இருந்து வானத்த வைதுட்டு இருக்காரு. சிரட்டையில பால் சொட்டுத மாதிரி கம்பிய ஒண்ணொண்ணா விட்டு விட்டு தட்டுனா. நடுவுல பின்னால இருந்து ஒரு ஆளு "ஏதாவது சினிமா பாட்டு பாடும்மா"ன்னு கத்துனாரு, அவ சிரிச்சுட்டே "அண்ணே, எங்கிட்ட இது தான் இருக்கு"ன்னா. கைதட்டு அதுக்கு தான் ஜாஸ்தி. திருவனந்தபுரத்துல இருந்து வந்த ஒரு பெரியவரு கிட்டார மடியில படுக்க வச்சு இரும்பு பாரால இழுத்து வாசிச்சாரு, ஹவாய்க்காரங்க கண்டுபிடிச்ச வாசிப்பு அது, கன்ட்ரி பாட்டுல அந்த அழுகைய கொண்டு வர்றதே அது தான்.

இப்ப என் கோவத்துக்கு வாறேன். ஆறு மணின்னு நோட்டீஸ் அடிச்சாவ. எட்டு மணி வரைக்கும் பேச்சு, பேச்சு, பொன்னாடை, திரும்ப பேச்சு. திறந்த மைதானம் பாத்துக்கிடுங்க, 2000-த்துல வந்த ஒலி மாசு விதிப்படி பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் போட முடியாது, போலீஸ்காரர் ஒம்பதே முக்காலுக்கே வந்து வாட்ச பாத்துட்டு நின்னாரு. அவர சொல்லி குத்தமில்ல. ஆளுக்கு ரெண்டு பாட்டு தான் கெடச்சுது, கடைசி பையனுக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் மைக்க அமத்துனதுக்கு பொறவு முன்வரிசைக்கு மட்டும் கேக்க பாடுனான். நாஷ்வில்லயே புளூபேர்ட் கஃபேன்னு சின்ன எடம், 1982-ல தொடங்குனது, பாட்டு எழுதுனவங்க நடுவுல வட்டமா இருந்து ஒவ்வொரு பாட்டும் எப்படி வந்துதுன்னு சொல்லி பாடுவாங்க, கேக்க வந்தவன் கூட பேசுனா "உஷ்"ன்னு அமத்திருவாங்க. இங்க மேடைல இருக்கவங்கள யாரு அமத்த?

தெரியாத பாட்டுன்னா நம்ம சனம் ஒக்காந்து கேக்காதுன்னு ஒரு பேச்சு இருக்கு, அதயும் நான் ஒத்துக்க மாட்டேன். கோயில் கொடை திருவிழாவுல வில்லுப்பாட்டுக்கு விடிய விடிய மணல்ல இருந்து கேக்குத சனம் இது. புலவர் எதுக்க இருக்க ஊர பாத்து கதைய நீட்டுவாரு, குறைப்பாரு, இடையில உள்ளூர் நக்கல சொருகுவாரு, பக்கத்துல இருக்கவர் "ஆமா" போடுவாரு. 1908-ல ஒழுகினசேரியில பொறந்த கலைவாணர் அந்த வில்ல வச்சு நாட்டு நடப்பயே பாடுனவரு. அந்த ஊர்ல இருந்துட்டு சொந்தப் பாட்டுக்கு ஆளு வராதுன்னா எப்படி?

நிகழ்ச்சி நடத்துனவங்களுக்கு ஒண்ணு. அடுத்த தடவ ஒரு வில்லுப்பாட்டு செட்டையும் சேத்து கூப்பிடுங்க, குடமும் உடுக்கையும் கிட்டாரும் ஒரே மேடைல இருக்கட்டும், பொன்னாடைய பத்து மணிக்கு ஸ்பீக்கர் அமத்துனதுக்கு பொறவு போடுங்க, அதுக்கு மைக் வேண்டாம்லா. உங்களுக்கு ஒண்ணு. நிருபர விளக்கு ஏத்துன ஒடனே கெளம்ப விடாதீங்க, பாட்ட எழுதுனது யாரு, எந்த ஊரு, பாட்டு எதப் பத்தி, இத போடுங்க.

இந்த லெட்டர இடமில்லன்னு வெட்டணும்னா என் கோவத்த எவ்ளோ வேணும்னாலும் வெட்டிக்கிடுங்க, அந்த ஒக்கி பாட்டையும் ரப்பர் பாட்டையும் மட்டும் விட்டிருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோட்டாறு