ஐபோன் வாங்காம விட்டா கேட் திறந்துடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

கல்யாணம் ஆன பொண்ணுங்கள வேணாம்னு அனுப்பிச்ச கம்பெனி செய்யுற போன் நமக்கெதுக்கு, ஐபோன எல்லாரும் புறக்கணிக்கணும்னு ஒரு வாசகர் எழுதியிருந்தத படிச்சேன். அவரோட கோபம் நியாயமான கோபம். ஆனா நான் காஞ்சிபுரத்துக்காரி, அந்த ஆலை இருக்குற ஸ்ரீபெரும்புதூர் எங்களுக்கு பக்கம், இங்க ஐபோன புறக்கணிக்கணும்னா அத வாங்குற வசதி மொதல்ல இருக்கணும்ல, வாங்கவே போறதில்லாத பொருள வாங்க மாட்டேன்னு சபதம் போட்டா ஆப்பிள் கம்பெனிக்கு என்ன வலிக்கப்போகுது சொல்லுங்க. அதுவும் இங்க செய்யுறதுல பெரும்பகுதி கப்பலும் விமானமும் ஏறி வெளிநாட்டுக்குத்தான் போகுது.

நடந்தது என்னன்னு மறந்தவங்களுக்காக சொல்றேன். 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு செய்தி போட்டாங்க, ஆப்பிளுக்கு ஐபோன் செஞ்சு குடுக்குற தைவான் கம்பெனி ஃபாக்ஸ்கானோட ஸ்ரீபெரும்புதூர் ஆலையில அசெம்பிளி வேலைக்கு கல்யாணம் ஆன பொண்ணுங்கள எடுக்குறதில்ல, ஆர்டர் குவியுற மாசங்கள்ல மட்டும் கொஞ்சம் கண்டுக்காம விடுறாங்கன்னு. 2022ல வேலைக்கு ஆள் எடுத்ததுல குளறுபடி இருந்துச்சு, அப்பவே சரி பண்ணிட்டோம், இப்ப புதுசா எடுக்குறவங்கள்ல 25 சதவீதம் கல்யாணம் ஆன பொண்ணுங்கதான்னு கம்பெனி தரப்புல சொன்னாங்க. அப்புறம் மத்திய அரசோட தொழிலாளர் அதிகாரிங்க போய் பார்த்தப்ப மொத்தம் 41,281 பேர், அதுல பொண்ணுங்க 33,360, அதுலயும் கல்யாணம் ஆனவங்க சுமார் 2,750, அதாவது 8 சதவீதம். புதுசா எடுக்குறவங்க கணக்கு வேற, மொத்த கணக்கு வேற, அதனால 25ம் 8ம் ஒத்துவரலன்னு சண்டைக்கு போக முடியாது, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் நம்ம பக்கம் இருபத்தஞ்சு வயசுக்கு மேல எத்தன பொண்ணுங்க கல்யாணம் ஆகாம இருக்காங்க? அத நெனச்சா அந்த 8 ரொம்ப உறுத்துது.

சொன்ன காரணம்தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. குடும்பப் பொறுப்பு, பிரசவம், லீவு, இதெல்லாம் பழைய பாட்டு. கூடவே மெட்டி தாலின்னு உலோகம் போட்டிருப்பாங்க, உற்பத்திக்கு இடைஞ்சல்னும் ஒரு காரணம் செய்தியில வந்துச்சு. ஆம்பளையோ பொம்பளையோ யார் உலோகம் போட்டிருந்தாலும் கழட்டணும், அவ்வளவுதான் விதின்னு கம்பெனி விளக்கம் குடுத்துச்சு, சரி, கழட்டி வெச்சுட்டு வேலை பாத்துட்டு போறாங்க, அதுக்கு எதுக்கு கல்யாணம் ஆச்சான்னு ஒரு கேள்வி? எங்க தெருவுல டிப்ளமோ முடிச்ச ஒரு பொண்ணு, வேற ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு, பேரு எதுக்கு, மெட்டிய கழட்டி பர்ஸுல போட்டுட்டு தாலிய சுடிதாருக்குள்ள மறைச்சுட்டுதான் போச்சு. கம்பெனிக்கு ஆள் புடிச்சுக் குடுக்குற ஏஜென்சிக்காரரே சொல்லி அனுப்பிச்சாராம்.

இதுல புதுசா ஒண்ணும் இல்லங்க. 1965லயே சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன வழக்கு ஒண்ணு இருக்கு, பம்பாயில ஒரு மருந்து கம்பெனி, பேக்கிங் வேலை பாக்குற பொண்ணுங்க கல்யாணம் பண்ணிக்கிட்டா வேலை போயிடும்னு ரூல் வெச்சிருந்தாங்க, கல்யாணம் ஆனா அடிக்கடி லீவு போடுவாங்கன்னு அப்பவும் அதே வாதம்தான். அந்த ரூல் செல்லாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு, பிரசவ லீவுல போறவங்களுக்கு பதிலா கூட கொஞ்சம் ஆள் ரிசர்வ்ல வெச்சுக்கிட்டா போச்சுன்னுட்டாங்க. தொழிற்சங்கம் நடத்துன வழக்கு அது. அதுக்கப்புறம் 1976ல சம ஊதியச் சட்டம் வந்து வேலைக்கு ஆள் எடுக்குறதுலயே பொண்ணுங்கள பாகுபடுத்தக் கூடாதுன்னுச்சு.

இதே ஃபாக்ஸ்கான் விஷயத்துல 2021 டிசம்பர்ல நடந்தத மறந்துட்டோமா? ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காம 250 பொண்ணுங்களுக்கு மேல வாந்தி பேதி, ராத்திரியோட ராத்திரியா சென்னை பெங்களூரு நெடுஞ்சாலைல உக்காந்தாங்க. ஆலை மூடிடுச்சு, ஆப்பிளே ஆள் அனுப்பி ஹாஸ்டல் ரூமும் சாப்பாட்டு கூடமும் தரமா இல்லன்னு ஆலைய கண்காணிப்புல வெச்சாங்க, 2022 ஜனவரிலதான் திரும்ப திறந்தாங்க. ஒருத்தர் கூட ஐபோன புறக்கணிக்கல, ஆனா வேலை நின்னுச்சு, அதனாலதான் ஆப்பிள் இவ்வளவும் செஞ்சாங்க.

இங்கதான் அந்த வாசகரோட நான் பாதி ஒத்துப்போறேன். உள்ள இருக்குறவங்க ரோட்டுல உக்காரலாம், உற்பத்திய நிறுத்தலாம். கேட்லயே திருப்பி அனுப்பப்பட்ட பொண்ணு எத நிறுத்துவா? அவளுக்கு சங்கமும் இல்ல, கூட திரும்பி போனது யாருன்னும் தெரியாது, ஒருத்தி செய்யாறு பஸ் ஏறிடுவா இன்னொருத்தி திருவண்ணாமலை பஸ் ஏறிடுவா. அவங்களுக்காக வெளியில இருந்து யாராச்சும் சத்தம் போட்டாதான் உண்டு. சத்தம் வேலை செய்யுது, செய்தி வந்து சில மாசத்துலயே வேலை விளம்பரத்துல கல்யாணம், வயசு, ஆணா பெண்ணாங்கிறத எல்லாம் போடாதீங்கன்னு ஏஜென்சிகளுக்கு ஃபாக்ஸ்கான் சொல்லிடுச்சுன்னு அதே ராய்ட்டர்ஸ் எழுதுனாங்க. ஆனா நோட்டீஸ்ல எடுத்துட்டு வாயால கேக்குறத யாரு தடுக்குறது?

அதனால போன் வாங்குறவங்க வாங்கட்டும், விடுறவங்க விடட்டும், எனக்கு அதுல சண்டையில்ல. ஆனா புறக்கணிப்பு ஜெயிச்சு ஆர்டர் குறைஞ்சா மொதல்ல வேலை போறது அந்த 33,000 பொண்ணுங்களுக்குத்தான், தைவான்ல இருக்குற முதலாளிக்கு இல்ல, அத யோசிச்சுட்டு செய்யுங்க. நான் கேக்குறது வேற. இந்த மாதிரி ஆலைகளுக்கு நம்ம அரசு நிலம், சலுகைன்னு என்னென்னமோ குடுக்குது, அதெல்லாம் நம்ம வரிப்பணம். சலுகை வாங்குற ஒவ்வொரு ஆலையும் அந்த வருஷம் எத்தன பொண்ணுங்கள எடுத்தோம், அதுல கல்யாணம் ஆனவங்க எத்தனன்னு வெளியில போடணும், ஏஜென்சி மூலமா எடுத்த கணக்கையும் சேத்து. ஏஜென்சி தப்பு பண்ணிட்டாங்கன்னு கைய விரிக்க விடக் கூடாது. ஆப்பிளோட சப்ளையர் விதியிலயே கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்கன்னு பாகுபாடு பாக்கக் கூடாதுன்னு இருக்கு, அப்புறம் கணக்கு காட்ட என்ன தயக்கம்?

உங்க நிருபர் ஒருத்தர அந்த ஏஜென்சி ஆபீஸ்கள்ல ரெண்டு மூணுக்கு அனுப்பி, அங்க இப்ப என்ன கேள்வி கேக்குறாங்கன்னு எழுத சொல்லுங்க. பெண் நிருபரா இருந்தா மெட்டியோட போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காஞ்சிபுரம்