ஜாக் சார்ல்ட்டனுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பின்கள வீரர்களாக இருந்து பயிற்சியாளர்களாக உயர்ந்தவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பெக்கன்பாவருக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். 1974இல் வீரராகவும் 1990இல் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையை வென்றவருக்கு அது தகும். ஆனால் ஜாக் சார்ல்ட்டன்? 'பாபி சார்ல்ட்டனின் அண்ணன், பந்தைத் தூக்கியடிக்கும் ஆட்டத்தால் அயர்லாந்தைக் கரையேற்றியவர்' என்று ஒரே வரியில் ஆளை அனுப்பிவிட்டார் கட்டுரையாளர். நானும் உள்ளூர் அணியில் ஸ்டாப்பராக, அதாவது நடுப் பின்கள வீரராக, நின்று காலைத் தேய்த்தவன் என்பதால் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

இங்கிலாந்தின் வடகிழக்கில் ஆஷிங்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1935இல் பிறந்தவர் ஜாக். தாய்மாமன்கள் நால்வரும் கால்பந்து வீரர்கள். வீட்டில் திறமைசாலி என்று பெயர் எடுத்தவனோ தம்பி பாபி. அண்ணனுக்கு வாய்த்தவை உயரமும் நீண்ட கழுத்தும் முன்கோபமும்தான். சுரங்கத்துக்குள் சிறிது காலம் இறங்கிப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போனவர், 1973இல் ஓய்வு பெறும்வரை வேறு எந்த கிளப்புக்கும் ஆடவில்லை. அங்கே அவர் ஆடிய 773 போட்டிகள் இன்றும் அந்த கிளப்பின் சாதனை. இங்கிலாந்து அணிக்கு அழைப்பு வந்தபோது முப்பது வயதாக ஒரு மாதம்தான் பாக்கி. அடுத்த ஆண்டே உலகக் கோப்பை. 1966 இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தில் மேற்கு ஜெர்மனி சமன் செய்த கோலுக்கு வழிவகுத்த ஃப்ரீ கிக், ஜாக் செய்ததாக நடுவர் சொன்ன தவறுக்குக் கொடுக்கப்பட்டது. கூடுதல் நேரத்தில் இங்கிலாந்து வென்றதால் அது பெரிதாகப் பேசப்படாமல் போயிற்று.

கட்டுரையாளர் தவறவிட்ட இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. எதிரணி எதைச் செய்தால் பின்கள வீரனுக்கு எரிச்சல் வரும் என்பதை இருபது ஆண்டு நின்று அனுபவித்தவர் அவர். அந்த எரிச்சலையே பாடத்திட்டமாக்கிப் பிற அணிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார். லீட்ஸில் ஆடும்போதே கார்னர் கிக் கிடைத்தால் எதிரணி கோல்கீப்பரின் மூக்குக்கு நேரே, கோல் கோட்டின்மேல் போய் நின்றுகொள்வார். கோல்கீப்பர் அவரைச் சுற்றிக்கொண்டுதான் பந்துக்கு வர வேண்டும். விதிப்படி அதில் தவறில்லை, ஆனால் பார்க்கிறவனுக்கே பொறுக்காது.

1973இல் மிடில்ஸ்பரோவின் பயிற்சியாளரானதும் இதே புத்தியைத்தான் காட்டினார். ஆஃப்சைடு பொறி வைப்பதற்காக, அதாவது தாக்க வருகிறவர் தங்களைத் தாண்டி நின்று விதியில் சிக்கட்டும் என்று, எதிரணிப் பின்களம் ஒட்டுமொத்தமாக முன்னேறி வரும்போது, அவர்களுக்குப் பின்னால் விரியும் வெற்றிடத்துக்கு ஆலன் ஃபாகன் என்ற வேகக்காரரை நடுக்களத்திலிருந்து ஓடவிட்டார். முதல் ஆண்டிலேயே இரண்டாம் டிவிஷன் பட்டம், அடுத்த அணியைவிட 15 புள்ளிகள் கூடுதல். ஒரு வெற்றிக்கு இரண்டே புள்ளி கொடுத்த காலம் அது. பிறகு ஷெஃபீல்டு வெட்னஸ்டேயை மூன்றாம் டிவிஷனிலிருந்து மேலேற்றினார். நியூகாசிலில் ஒரு சீசன் இருந்தார், ரசிகர்கள் கூச்சலிட்டார்கள் என்பதற்காக விலகிவிட்டார். 1977இல் இங்கிலாந்து தேசிய அணிப் பதவிக்கு விண்ணப்பித்தபோது, கால்பந்துச் சங்கத்திலிருந்து மறுப்புக் கடிதம்கூட வரவில்லை.

1986இல் அயர்லாந்து அவரை அழைத்தது. 35 லட்சம் மக்கள்தொகை, பெரிய போட்டி எதற்கும் அதுவரை தகுதி பெறாத அணி. அயர்லாந்து வம்சாவளி இருந்தால் போதும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு லிவர்பூலில் பிறந்த ஆல்ட்ரிட்ஜ், கிளாஸ்கோவில் பிறந்த ஹவுட்டன் போன்றவர்களைத் திரட்டினார். அவ்வாண்டு மெக்சிகோ உலகக் கோப்பையைப் பார்த்தபோது, எல்லா அணிகளும் நடுக்களத்தில் ஒரு கலைஞனை நம்பி ஆடுவதைக் கவனித்தார். அங்கே போய் அவர்களோடு மோதுவானேன்? பந்தை அவர்களின் பக்கவாட்டுப் பின்கள வீரர்களுக்குப் பின்னால் போடு. அவன் தன் கோலைப் பார்த்துத் திரும்பட்டும். திரும்பிய கணத்தில் இருவர் மேலே பாயுங்கள். பந்தைத் தூக்கியடிப்பது பாதி வேலைதான், பாய்வது மறுபாதி. கட்டுரையாளர் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

1988 ஜூன் 12, ஐரோப்பியக் கோப்பை, ஸ்டுட்கார்ட். எதிரே இங்கிலாந்து. ஆறாவது நிமிடத்தில் நீண்ட ஃப்ரீ கிக், இடது ஓரத்திலிருந்து கால்வின் உள்ளே அனுப்பிய பந்து. வெளியே அடிக்கப் போன இங்கிலாந்துப் பின்கள வீரர் கென்னி சான்சம் பதற்றத்தில் அதை நேர் மேலே எழுப்பிவிட்டார். ஆல்ட்ரிட்ஜ் தலையால் தள்ளினார், ஹவுட்டன் தலையால் முட்டினார், கோல்கீப்பர் ஷில்ட்டன் தோற்றார். அழகான கோல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சான்சம் போன்ற தேர்ந்த வீரரை அப்படிப் பதறவைக்கத்தான் அந்த ஆட்டமுறையே உருவாக்கப்பட்டது. விண்ணப்பத்துக்குப் பதில் போடாத இங்கிலாந்து அன்று 0–1 எனத் தோற்றது.

குறை சொல்ல நிறையவே இருக்கிறது. 1990 உலகக் கோப்பையில் எகிப்துடன் ஆடிய 0–0 ஆட்டத்தைப் பார்த்துச் சலித்து, அயர்லாந்து தொலைக்காட்சியிலேயே விமர்சகர் ஏமன் டன்ஃபி பேனாவை வீசியெறிந்தார். சக வீரர் காலால் பின்னுக்குத் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்று 1992இல் விதி மாறியதற்கு, அந்த ஆட்டத்தையும் ஒரு காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த உலகக் கோப்பையில் 120 நிமிடங்களுக்குள் ஒரு ஆட்டத்தைக்கூட வெல்லாமலே அயர்லாந்து கால் இறுதிக்குப் போயிற்று.

ஆட்களை நடத்திய விதத்தில் எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. லியாம் பிரேடி என்ற அருமையான நடுக்கள வீரரை 1989இல் டப்ளினில் ஒரு நட்பு ஆட்டத்தின் முதல் பாதி முடிவதற்குள்ளேயே வெளியே அழைத்து அவமானப்படுத்தினார். குடும்பத்தோடு விடுமுறைக்குப் போவதாகச் சொல்லி ஒரு தொடருக்கு வர மறுத்த டேவிட் ஓ'லியரியை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒதுக்கிவைத்தார். அதே மனிதர்தான், குடிப்பழக்கத்தால் ஆட்டத்துக்கே வராமல் போன பால் மெக்ராத்தை மீண்டும் மீண்டும் சேர்த்துக்கொண்டார். 1994 உலகக் கோப்பையில் நியூயார்க் அருகே இத்தாலியை 1–0 என வென்ற ஆட்டத்தில், பழுதான முழங்கால்களோடு மெக்ராத் இத்தாலியின் நட்சத்திரம் பாஜியோவை அடக்கியதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொறுமைக்கான காரணம் புரியும். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜெனோவாவில் ருமேனியாவுக்கு எதிரான பெனால்டி முடிவில் வெற்றிக் கோலை அடித்தவரோ ஓ'லியரிதான். மாற்று வீரராக இறக்கியவர் ஜாக்.

1995 டிசம்பரில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் நெதர்லாந்திடம் 0–2 எனத் தோற்றதும் பதவியை விட்டார். மறு ஆண்டு அயர்லாந்து அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. 2020 ஜூலையில் அவர் மறைந்தபோது, இங்கிலாந்துக்காரர் ஒருவருக்காக டப்ளின் துக்கம் கொண்டாடியது.

இந்தக் கட்டுரைத் தொடர் நூலாக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதிலாவது ஜாக் சார்ல்ட்டனுக்குத் தனி அத்தியாயம் வேண்டும். இடப் பற்றாக்குறை என்றால் பெக்கன்பாவர் பகுதியில் இரண்டு பத்திகளைக் குறைத்துக்கொள்ளலாம், அவரைப் பற்றி எழுத ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டாப்பர்,
தூத்துக்குடி