“எதிர்பாராத வெள்ளம்” என்று எழுத முதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டிக்கொண்டிருந்த பெரிய அணையொன்றில் வெள்ளம் புகுந்து தளவாடங்களை அள்ளிக்கொண்டு போன செய்தியை உங்கள் பத்திரிகையில் வாசித்தேன். நட்டக் கணக்கு கோடியில் இருந்தது. காரணம் இரண்டே சொல்லில் இருந்தது: “எதிர்பாராத வெள்ளம்”. அந்த இரண்டு சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

எனக்கு ஊர் தம்பலகாமம். எண்பதுகளின் தொடக்கத்தில் மகாவலித் திட்டத்து அணை வேலையொன்றில் லெவல் ஸ்ராஃப், அதாவது மட்டம் பார்க்கிற அளவுக் கோல், பிடிக்கிறவனாக இருந்தேன். பெரிய அணை எழும்ப முதல் ஆற்றைச் சுரங்கத்தால் திருப்பிவிட்டு, மேலே தற்காலிகமாக ஒரு மண் அணை போடுவார்கள். வேலை முடியும்வரை அந்தச் சின்னதுதான் காவல். மாரிக்கு முதல் அது குறித்த உயரத்துக்கு வந்தாக வேண்டும். எங்கள் இடத்தில் வரவில்லை. டீசல் பிந்தியது, லொறி பழுது, பில் பாஸாகவில்லை என்று ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு கதை. மழை இந்தக் கதை ஒன்றையும் கேட்கவில்லை.

அன்றிரவு மணிக்கொரு தரம் அளவுகோலில் ரோச் அடித்துப் பார்த்துக் கொப்பியில் எழுதுவது என் வேலை. பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் இரண்டடி ஏறியது. இரண்டு மணிக்கு அளவுகோலையே காணவில்லை. விடியும்போது தண்ணீர் மண் அணைக்கு மேலால் வழிந்து, நடுவில் அரித்து, ஆறு பழைய வழிக்கே வந்துவிட்டது. மூன்றாம் நாள் ஸ்ரோருக்குள் போனோம். அடுக்கியிருந்த சீமெந்துப் பைகள் தலையணை தலையணையாகக் கல்லாகிக் கிடந்தன. கடதாசியை உரித்தால் பையின் தையல்கூட அச்சாகப் பதிந்திருந்தது. அதில் நாலைந்தைப் பிறகு கன்ரீன் வாசலுக்குப் படியாகப் போட்டோம்.

அறிக்கையில் அவர்கள் எழுதியதும் “எதிர்பாராத வெள்ளம்”தான். கரையில் நின்ற மருதமரத்தில், இந்த வெள்ளம் தொட்ட இடத்துக்கும் ஒரு முழம் மேலே, முன்னைய வெள்ளமொன்று கொண்டுவந்து சொருகிய சருகும் தடியும் கிடந்தன. வேலை தொடங்கிய மாதமே ஓவசியருக்குக் காட்டினேன். “அது காக்காக் கூடு” என்றார்.

உண்மையிலேயே எதிர்பாராத வெள்ளமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆபிரிக்காவில் சாம்பெசி ஆற்றின் குறுக்கே கரிபா அணையைக் கட்டியபோது 1957இல் பெரும் வெள்ளம் வந்தது. இனி இப்படியொன்று வராது என்று நினைத்திருப்பார்கள். 1958இல் அதையும் மிஞ்சி, விநாடிக்கு ஏறக்குறைய 16,000 கனமீற்றர் வந்து, தற்காலிக அணையை மூடிப் பாலத்தையும் கொண்டுபோனது. அவர்கள் வந்த தண்ணீரை அளந்தார்கள். மிஞ்சிய தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவுகளை நான்கு என்று வரைந்திருந்தார்கள், அதை ஆறாக்கினார்கள். கரிபாவால் ஊர் பெயர்ந்த தொங்கா மக்களின் கதை வேறு, அதைப் பிறகு எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் வருவோம். 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் குளக்கட்டு உடைத்தது. மாரியும் இல்லை, வருடப்பிறப்புப் பலகாரம் வீட்டில் தீரவும் இல்லை. 120 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் வயலில் முழங்கால் அளவுக்கு மணல் ஏறிக் கிடந்தது. அன்று தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று இன்றைக்குக் கேட்டால் ஒருவர் இடுப்பைத் தொடுவார், மற்றவர் கூரையைக் காட்டுவார். ஒருவரும் ஒரு கோடு கீறி வைக்கவில்லை, நான் உட்பட.

ஆகவே, அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் உங்கள் நிருபரை மூன்று விடயம் கேட்கச் சொல்லுங்கள். தற்காலிக அணை எந்த அளவு வெள்ளத்தைத் தாங்கக் கட்டப்பட்டது? எந்தத் திகதிக்குள் அது முடிந்திருக்க வேண்டும்? தண்ணீர் வந்த அன்று அது எவ்வளவு உயரத்தில் நின்றது? விடை கிடைத்தால் போடுங்கள். தர மறுத்தால் மறுத்தார்கள் என்று போடுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாறு கட்டு உடைத்து மூதூர்ப் பக்கம் தவித்த நாட்களில், எங்கள் ஊர் மதகுச் சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் சிவப்புப் பெயின்றால் கோடு கீறித் திகதியும் எழுதினேன். பேரன்தான் கதிரையைப் பிடித்துக்கொண்டான். அண்மையில் மதகைத் திருத்த வந்தவர்கள் சுவருக்கு வெள்ளை அடித்தபோது கோட்டையும் சேர்த்து அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சுவர் விளிம்பிலிருந்து ஓரடி ஏழு அங்குலம் கீழே, கொப்பியில் இருக்கிறது. பெயின்ற்தான் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவைத் தொழிலாளி,
தம்பலகாமம், திருகோணமலை.