மருந்தைக் கூட்டாதீர்கள்: நகர மன்றங்களுக்கும் சமூகத் தோட்டக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

புளோக்குகளின் கீழேயும் நடைபாதை ஓரங்களிலும் தட்டையாகப் படரும், அடித்தண்டு வெளுத்த அந்தப் புல் கேழ்வரகுக்கு உறவு. தாவரவியலில் எலூசின் இண்டிகா. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தை அடித்தும் சாகாவிட்டால் அடுத்த முறை மருந்தைக் கூட்டிக் கலக்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

கிளைபோசேட் குறிவைப்பது இபிஎஸ்பி சிந்தேஸ் என்ற ஒரே நொதியை. பசுங்கணிகத்தில் ஏழு படிகளாக நடக்கும் ஷிகிமேட் பாதை என்ற வேதிவினைத் தொடரில் இதன் வேலை ஆறாவது படி. ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபான் என்ற மூன்று அமினோ அமிலங்களுக்கும் செடி இந்தப் பாதையையே நம்பியிருக்கிறது. நொதிக்கு இரண்டு பாதிகள், நடுவில் ஒரு பிளவு. ஷிகிமேட்-3-பாஸ்பேட் என்ற மூலப்பொருள் வந்து அமர்ந்ததும் பாதிகள் நெருங்கி மூடிக்கொள்ளும். அடுத்த மூலப்பொருளான பாஸ்போஈனால்பைருவேட் அமர வேண்டிய இடத்தைக் கிளைபோசேட் பிடித்துக்கொள்ளும். ஷிகிமேட் தேங்கும், புதுப் புரதத்துக்கு அமினோ அமிலம் கிடைக்காது. அதனால்தான் முதலில் மஞ்சளாவது வளரும் நுனி. முழுச்செடியும் சாக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். மூன்றாம் நாளே மறுபடி அடிப்பது வீண்செலவு.

இந்தப் புல்லில் சிக்கலே வேறு. நொதியும் ஓர் அமினோ அமிலச் சங்கிலிதான்; அதன் 106ஆம் இடத்துப் புரோலின் செரினாக மாறினால் பிளவின் வடிவம் சற்றே நகர்கிறது. கிளைபோசேட் சரியாகப் பொருந்தாது, நொதியின் சொந்த வேலையோ பெரிதாகக் கெடாது. மலேசியாவில் 1990களிலேயே இப்படி மசியாத புல் தலைகாட்டிவிட்டது. இந்த ஒரு மாற்றம் தரும் எதிர்ப்பு மிதமானதுதான். ஆனால் 102ஆம் இடத்துத் திரியோனினும் ஐசோலூசினாக மாறிய புல் அங்கே கிடைத்திருக்கிறது. அதற்கு எவ்வளவு ஊற்றினாலும் ஒன்றுதான். மருந்தைக் கூட்டக் கூட, அப்படிப்பட்ட புல்தான் மிஞ்சி விதை விடும்.

குளூபோசினேட் என்ற வேறு களைக்கொல்லிக்கு மாறினால் தீருமா? அது குளூட்டமின் சிந்தடேஸ் என்ற வேறு நொதியைத் தாக்குகிறது. அதற்கும் அசையாத புல் மலேசியாவில் உண்டு.

எல்லாப் பழியையும் நொதிமேல் போடவும் வேண்டாம். அடித்த சில மணி நேரத்தில் மழை பெய்தால் மருந்து கழுவிப்போகும். நம் ஊரில் பிற்பகல் மழைக்குச் சொல்லவா வேண்டும்! கலங்கல் நீரில் கலந்தால் களிமண் அதைப் பிடித்துக்கொள்ளும். மண்ணில் விழுந்த மருந்து விதையைத் தடுக்காது, ஆகவே புதிதாக முளைத்ததைப் பிழைத்ததாக எண்ணக்கூடாது. இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள்: மற்றக் களை செத்து இது மட்டும் பச்சையாக நின்றால் எதிர்ப்பென்று சந்தேகிக்கலாம். எல்லாமே பிழைத்திருந்தால் மழையோ கலவையோ காரணம்.

சந்தேகப் புல்லைக் கதிர் விடும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, குருத்துக்குக் கீழே கத்தி விட்டு வேரோடு எடுங்கள். ஒப்பந்தக்காரர்கள் அடுத்த புளோக்குக்குப் போகும் முன் புல்வெட்டியில் ஒட்டிய விதைகளைத் தட்டித் துடைக்கட்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
தாவர உயிர்வேதியியல் அறிந்த தோட்ட ஆர்வலர்கள், சிங்கப்பூர்