கரலாக்கட்டைக்கு இடமில்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதியில் புதுப்பித்துத் திறந்த பொது உடற்பயிற்சிக் கூடம் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வந்தது. அதில் 'ஜிம் என்பதே மேல்நாடு நமக்குத் தந்த கொடை' என்று போகிறபோக்கில் ஒரு வரி. எழுதியவர் வாழ்க!

இரு இணைகம்பிகளில் ஊன்றிப் பயிலும் பாரலல் பார் ஜெர்மனிக்காரர் யான் தந்தது. 1811-இல் பெர்லினில் உடற்பயிற்சித் திடல் திறந்தவர் அவர். சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கும் நாம் கடன்பட்டவர்களே. ஆனால் உடற்பயிற்சிக்காகக் கையில் பிடித்துச் சுற்றும் கனத்த மரக்கட்டையான கரலாக்கட்டை போன திசை வேறு. இங்கே பார்த்துப் பழகிய வெள்ளைக்காரப் பட்டாளம் அதைத் தன் ஊருக்குக் கொண்டுபோனது. 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுற்றுவதற்கென்றே பதக்கம் உண்டு. தாங்கள் அறியாததா?

கட்டுரை வியந்து பாராட்டும் அந்த பால்ஸ் சீலிங் தரையிலிருந்து எட்டடிதான். சராசரி ஆள் கையைத் தூக்கினாலே ஏழடி. கையில் இரண்டடிக் கட்டை. சுற்ற வேண்டுமானால் தரையிலிருந்து பத்தடி உயரமாவது, நாலாபுறமும் ஐந்தடி வெற்றிடம் வேண்டும். கூரையைத் தாழ்த்திவிட்டு, 'கட்டை சுற்றுவது ஆபத்து' என்று அறிவிப்புப் பலகை வேறு! கட்டைகளைக் கழிப்பறை ஓரம் ஈரத்தரையில் போட்டிருக்கிறார்கள். மரம் ஈரம் குடித்து உப்பும். காயும்போது கைப்பிடிக்குக் கீழே, கழுத்தில், ரேகையோடு வெடிக்கும். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் போதும், சுற்றும்போது முறிந்து பறக்கும். ஆபத்து அதுதான்.

கட்டை சுற்றுவதாகத் தாங்கள் அச்சிட்ட படமும் அப்படியே. புதியவருக்கு ஒன்றரை, இரண்டு கிலோ கட்டை போதும். முழங்கை காதருகே உயர, கட்டை முதுகை ஒட்டி இறங்க, சுற்று தோளிலிருந்து வர வேண்டும். படத்திலிருப்பவர் இடுப்பை வளைத்து, மணிக்கட்டை முறுக்கிப் பிடித்திருக்கிறார். பார்த்துப் பழகுகிறவர்களின் மணிக்கட்டுக்கு யார் பொறுப்பு?

இறக்குமதிச் சாமான்களாவது ஒழுங்கா? மேலிருந்து கீழே இழுத்துப் பயிலும் புல்டவுன் கருவியின் கேபிள் உறை கப்பிக்குப் பக்கத்தில் பிளந்து, கம்பி இழைகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஓர் இழை அறுந்தாலே கேபிளை மாற்றியாக வேண்டும். இங்கே இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். எடைத்தட்டு ஏறி இறங்கும் கம்பிகளில் கிரீஸ் அப்பியதால் தூசி ஒட்டி, தட்டு பாதியில் நின்று பிறகு பொத்தென்று விழுகிறது. துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் தீர்ந்தது. எடையைத் தேர்ந்தெடுக்கச் செருகும் 'பின்' என்ற முளை தொலைந்துபோய், அந்த இடத்தில் செருகியிருப்பது ஓர் ஆணி! மல்யுத்த மண்களமான கோதாவை மூடி டைல்ஸ் ஒட்டியதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். வியர்வை சொட்டிய டைல்ஸில் உட்கார்ந்தெழும் பஸ்கி போட்டுப் பார்த்தால் தெரியும்.

இதையெல்லாம் சென்ற ஆண்டே எழுதியனுப்பினோம். தங்கள் இதழில் இடமில்லாமல் போயிற்று; புரோட்டீன் பவுடருக்கு நான்கு பக்கம் இருந்தது.

கேட்பது பெரிதல்ல. பின்புறத் திறந்தவெளியில் பத்தடிக்குப் பத்தடி மண்தரை, கட்டைகளைத் தொங்கவிட ஒரு மரச்சட்டம், ஒரு கேபிள், ஒரு பின். அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போட மனமிருந்தால், விளம்பரத்துக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் பழைய வாசகர்,
சென்னை